சாளை ஏழு

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அதனால்தானோ என்னவோ, ஆராய்ச்சி மாணவியாக நான் கம்ப்யூட்டரில் உருவாக்கிய குட்டி விண்மீன் மண்டலங்களுக்குச் சாளை ஒன்று, சாளை இரண்டு, நெத்திலி ஒன்று என்று மீன் பெயர்களையே வைத்தேன். வெறும் எண்களாக இருந்தால் எனக்குக் குழம்பிவிடும்.

பிரபஞ்சத்தில் முதலில் உருவானவை சின்னச் சின்ன மண்டலங்கள். பெரியவை சின்னவற்றை இழுத்து விழுங்கித்தான் கொழுத்தன. நம் பால்வெளியும் அப்படி வளர்ந்ததுதான். ஆனால் விழுங்கப்பட்டது லேசில் செரிக்காது. கிழிபட்ட அதன் விண்மீன்கள் நீண்ட தாரையாகப் பல நூறு கோடி ஆண்டுகள் பெரியதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தே எது எதை விழுங்கியது என்று சொல்லிவிடலாம். நான்கு வருடம் அந்தத் தாரைகளைத்தான் கணக்கிட்டேன்.

"இன்னும் தேறலைம்மா" என்று என் கைடு சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் மொத்த வேலையும் அவர் பெயரில் மட்டும் கட்டுரையாக அச்சாகி வந்தது. கேட்டதற்கு, "உன் பேச்சை யார் நம்புவா?" என்றார். வயிறெரிந்து தூத்துக்குடிக்குத் திரும்பி, ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கட்டுரையிலிருந்த படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் நான் இட்டிருந்த பெயர் ஒன்றை அவர் அழிக்க மறந்திருந்தார். உடனே புகார் கொடுத்திருந்தால் மூடிய அறைக்குள் பேசி முடித்திருப்பார்கள். எனக்கு நாலு பேர் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பது வருடம் காத்திருந்தேன்.

போன வருடக் கருத்தரங்கிற்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது நான்தான். பொன்னாடையும் நானே போர்த்தினேன். அவர் பேச்சின் நடுவே அந்தப் படம் திரையில் வந்ததும் எழுந்து கேட்டேன்.

"சார், ஓரத்துல சாளை ஏழுன்னு இருக்கே, அது என்ன?"

உற்றுப் பார்த்தார். "அது ஏதோ சுருக்கக் குறியீடு" என்றார்.

"சாளைன்னா மீன்லா மிஸ்?" என்றாள் பின்வரிசை மாணவி ஒருத்தி. அரங்கமே சிரித்தது.

என் பழைய நோட்டை அவர் முன்னால் விரித்தேன். ஏழு சாளைகளும் என் எழுத்தில் இருந்தன, பக்கத்துக்குப் பக்கம் அவரே போட்ட கையெழுத்தோடு. அதன் மேல், கட்டுரையில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பத்திரிகைக்குப் போக வேண்டிய கடிதத்தை வைத்தேன். முன்கூட்டியே டைப் செய்தது. பேனாவையும் திறந்து கொடுத்தேன்.

கையெழுத்துப் போட்டார். பிறகு குனிந்து மெதுவாக, "தனியா கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

மைக்கை அவர் வாயருகே நகர்த்தினேன்.

"திரும்பச் சொல்லுங்க சார். பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கல."