கிளிக்கூண்டோடு ஒருத்தி

திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. எட்டுப் பேர் உட்காரும் பெட்டியில் பதினான்கு பேர் இருக்கிறோம். கண்டியில் தோட்டக் கணக்கப்பிள்ளையாக இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு நான் திரும்புகிறேன்.

ஒரு பெண் கிளிக்கூண்டைச் சன்னலருகே தூக்கிப் பிடிக்கிறாள்.

"கொளும்புலேருந்தா வாரிய ஐயா? இதோட பேரு உள்ளவர அங்கன கண்டீயளா? என் வீட்டுக்காரரு. ராதாபுரம்."

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்புகிறவள்.

"பச்சைமுத்தா? மூக்கனா?" என்று எதிரே இருப்பவர் சிரிக்கிறார். "கூண்டக் காட்டி விடுகதையா போடுதே?"

"கிளியனா?" என்கிறேன். தலையாட்டுகிறாள்.

இந்தச் சீமையில் எதுதான் கிளி இல்லை? மாங்காய் கிளிமூக்கு, சேலை கிளிப்பச்சை, பையன்கள் ஆடுவது கிளித்தட்டு, செல்ல மகளும் கிளி. நான் வந்த கப்பலில் மட்டும் மூன்று கிளியன்கள். ஒருவனும் ராதாபுரத்தான் இல்லை.

"அவன் தகப்பன் பேர் என்னம்மா? மகனுக்கு எழுதி விசாரிக்கிறேன்."

"மாமனாரு பேரும் நான் சொல்லக்கூடாதுல்லா."

"போய் எத்தனை வருஷம்?"

"ஆறு. ஒரு கடுதாசி இல்ல."

தோட்டத்தில் காய்ச்சல் கண்டவர்களைப் பேர்கூட விசாரிக்காமல் புதைக்கிறார்கள் என்று மகன் சொன்னான். அதை இவளிடம் எப்படிச் சொல்வது? வண்டி ஊதுகிறது.

"காணலை அம்மா."

"இன்னைக்கு வரை நான் பேரச் சொல்லல ஐயா," என்கிறாள். "அவரு ஆயுசு கெட்டியாத்தான் இருக்கும்."

கூண்டோடு அடுத்த சன்னலுக்குப் போகிறாள்.