கொசு பெல்

போன மாதம் சர்வீஸுக்காகக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். மேலே ஒரு மாணவியர் விடுதி. அங்கே ஃபயர் அலாரம் மாட்டியது நான்தான். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கூரையில் பன்னிரண்டு ஸ்மோக் டிடெக்டர்கள். பன்னிரண்டுக்கும் கேரி பேக் மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அழகாகக் கட்டி வைத்திருந்தார்கள்!

"இன்னாங்க இது?" என்றேன் வார்டன் ஸ்டெல்லாவிடம்.

"இன்னா சார் பண்றது? கொசு ஜாஸ்தி. சாயந்தரமானா வேப்பிலை மூட்டம் போடுறோம். ஒடனே இது கத்திக்கினே கெடக்குது."

கோபம் சுர்ரென்று ஏறியது. யார் மேல்? என் மேல்தான். மாட்டும்போது அடுப்பைப் பற்றிக் கேட்டேன், அயர்ன் பாக்ஸைப் பற்றிக் கேட்டேன். கொசுவைப் பற்றிக் கேட்டேனா?

பைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பெல்லை அடித்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒருத்தி கூட எழுந்திருக்கவில்லை. "கொசு பெல்லுடி" என்று சொல்லிவிட்டு ஒரு சின்னப் பெண் வீட்டுப்பாடத்தைத் தொடர்ந்தாள். நிஜமாகவே தீப்பிடித்தால்?

ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்கச் சொன்னேன். அதுவரை மூட்டம் வெளி வராந்தாவோடு சரி. அப்புறம் பிள்ளைகளோடு நானும் ஓடினேன்... பெல் அடித்தால் ஹாலில் இருந்து மைதானத்துக்கு, மூன்று தடவை. தொப்பையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"கொசு மூட்டத்துக்கு அடிச்சா?" என்று கேட்டாள் அந்தச் சின்னப் பெண்.

"அப்பவும் ஓடு. கேள்வியெல்லாம் மைதானத்துல கேளு."

போன ஞாயிறு சாயந்தரம் ஸ்டெல்லாவிடமிருந்து போன். "சார், உங்க பெல்லு அடிச்சிதுங்க. நெசமாவே நெருப்பு. படுக்கை ரூம்ல ஸ்விட்ச் போர்டு உருகி மெத்தையில புடிச்சிக்கிச்சு. அணைச்சிட்டோம். யாருக்கும் ஒண்ணும் ஆவல."

கள்ளக்குறிச்சி வீட்டு ஹாலில் நான் ஒரு குதி குதித்தேன் பாருங்கள்! பதினைந்து வருடமாக இந்தத் தொழில். சும்மா சும்மா கத்துகிறது என்ற புகாரைத் தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் மாட்டிய பெல் முதல் தடவையாக உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! சந்தோஷம் தாங்கவில்லை.

மனைவி முறைத்தாள். "எங்கியோ நெருப்பு புடிச்சிக்கிச்சுன்னு சொல்றாங்க... இப்படியா குதிப்பாங்க?"

உண்மைதான். பயன்படவே கூடாது என்று வேண்டிக்கொண்டு மாட்டுகிறோம். பயன்பட்டால் ஆட்டம் போடுகிறோம். விசித்திரமான பிழைப்பு!

"நாப்பத்திரண்டு பேரும் வெளிய வந்துட்டாங்களா?" என்று போனில் கேட்டேன்.

"ரெண்டே நிமிஷத்துல வந்துட்டாங்க சார்." கொஞ்சம் தயங்கிவிட்டு ஸ்டெல்லா சொன்னார். "நான்தான் வராந்தா மூட்டம்தான்னு நெனச்சிக்கினு ஆபீஸ் ரூம்ல உக்காந்துட்டேன். அந்தச் சின்னதுதான் கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்துச்சு."

அடுத்த ட்ரில் பெரியவர்களுக்கு!