ஜசிந்தாவின் மரமும் கலாதேவியின் யன்னலும்

யேர்மனியின் ஹம் நகரத்து முதியோர் இல்லமொன்றில், ஊழியர்களின் படங்கள் தொங்கும் சுவரில், கலாதேவி ஸ்ரீதரனின் படத்துக்குக் கீழே யேர்மன் மொழியில் ஒரு குறிப்பு இருக்கிறது. பராமரிப்பு உதவியாளர், நீண்டகாலப் பணியாளர், “பிறர் மகிழ்ச்சியில் தன் மகிழ்ச்சியைக் காண்பவர்.” எழுதியவர் இல்லத்தின் நிர்வாகி. கலாதேவியை அவர் வேலை நேரத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்.

வேலை முடிந்து பஸ் ஏறிய கலாதேவிக்குப் பிறர் மகிழ்ச்சி தொண்டையில் நின்ற மீன்முள். கோடையில் அது அவ்வளவு குத்தாது. எல்லோருக்கும் வெயில் கிடைக்கும்போது பொறாமைப்பட ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஒக்டோபரில் வெயில் சுருங்கத் தொடங்கினால்தான் யாருக்கு என்ன இருக்கிறது என்பது வெளிச்சமாகும். யார் வீட்டு ஹீட்டர் திருகியவுடன் சுடுகிறது, யார் காருக்குக் குளிர்கால ரயரை முதலே மாற்றிவிட்டு “நீங்கள் இன்னும் மாத்தேல்லையோ” என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள், எல்லாம் அவளிடம் கணக்கில் இருந்தது. இவை சில்லறை. மொத்த வியாபாரம் அதே ஊரில் இருக்கும் சிநேகிதி ஜசிந்தாவின் கறிவேப்பிலை மரத்தோடு.

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பும் ஒக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி, ஹம் தமிழரின் பல்கனிகளில் நின்ற கறிவேப்பிலைச் சாடிகள் வீட்டுக்குள் வந்துவிடும். அதன்பிறகு தொலைபேசியில் பிள்ளைகளின் சுகத்தை விசாரித்த கையோடு மரத்தின் சுகத்தையும் விசாரிப்பது இங்கே மரியாதை. வெளியே வீதி மரங்கள் இலை கொட்டினால் யேர்மன்காரர் நின்று படம் எடுக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு மரம் கொட்டினால் அது அந்த வீட்டுக்காரியின் குணத்தைப் பற்றிய செய்தி. கலாதேவியின் மரம் வருடா வருடம் நவம்பரில் மொட்டையாகும். ஜசிந்தாவினது டிசம்பரில் நத்தாருக்கும் காடாக நிற்கும். என்ன போடுகிறீர் என்று கேட்டால், “ஒண்டுமில்லை அக்கா, தண்ணிதான்” என்பாள். மனிதரை இதைவிட எரிச்சல்படுத்தும் பதில் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்த வருடம் கலாதேவி ஒரு முடிவு எடுத்தாள். வீட்டில் தெற்குப் பார்த்த யன்னல் ஒன்றுதான். அதற்கு முன்னால் இருந்த தொலைக்காட்சியை ஸ்ரீதரனின் முணுமுணுப்போடு மூலைக்குத் தள்ளிவிட்டு, அங்கே தன் மரத்தை வைத்தாள். நவம்பர் பிறந்தும் ஓர் இலை விழவில்லை. அந்த வாரத்தில்தான் ஜசிந்தா தன் சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

“மூண்டு கிழமை அக்கா. தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம், கனடாவுக்குப் போறன். உங்களைத்தான் நம்பி விடலாம்.”

ஏலாது என்றால் பொறாமை என்று பேச்சு வரும். ஓம் என்றால் மூன்று கிழமை அதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன வேண்டும். கலாதேவி சிரித்த முகத்துடன், “வையும், அதுக்கென்ன” என்றாள். யன்னலில் இடமில்லை. மரம் வீட்டுக்குள்ளேயே வெயில் படாத நடைவழிக்குப் போயிற்று.

இரண்டாம் நாள் அது கொட்டத் தொடங்கியது. கலாதேவி அடைந்த சந்தோஷத்தை மறைக்க முடியாது. விழுந்த இலைகளைப் பொறுக்கிக் கழுவிப் பருப்புக்குத் தாளித்தாள். நல்ல வாசம். ஸ்ரீதரன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

“நல்லாயிருக்கு. ஆனா மரம் பட்டுப்போனா, உம்மடை கண்ணூறு எண்டு முழு ஹம்மும் சொல்லும்.”

“இந்த நாட்டிலை கண்ணூறோ? விசர்க்கதை கதையாதேங்கோ.”

விசர்க்கதைதான். ஆனாலும் மறுநாள் காலையிலிருந்து அவள் அந்த மரத்தைப் பாராமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. பிறகு கனடாவிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது.

“மரத்தைக் காட்டுங்கோ அக்கா.”

கலாதேவி இலை இருந்த பக்கத்தைக் காட்டினாள்.

“மற்றப் பக்கத்தையும் காட்டுங்கோவன்.”

“மற்றப் பக்கம் சுவர்.”

அழைப்பு முடிந்ததும் குசினிக்குள் போய்ச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துவந்து மரத்தைச் சுற்றி, சட்டியைச் சூடாக்கி அதில் போட்டாள். கண்ணூறு இருந்தால் மிளகாய் மணக்காது என்பார்கள். நன்றாகவே மணத்தது. அறைக்கு ஒன்றாகப் பூட்டியிருந்த புகை எச்சரிக்கை மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கின. ஸ்ரீதரன் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கினார். கீழ்வீட்டு யேர்மன்காரர் இருமிக்கொண்டே வந்து கதவில் நின்றார். சமையல் என்று கலாதேவி விளக்கினாள். அவர் நடைவழியில் நின்ற அரை மொட்டை மரத்தையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உடனே எல்லா யன்னலையும் திறக்கச் சொன்னார்.

“ஆருக்குச் சுத்தினனீர்? மரத்துக்கோ?” என்று கேட்டார் ஸ்ரீதரன்.

“வாயை மூடிக்கொண்டு விசுக்குங்கோ.”

புகை போகும்வரை யன்னல்கள் திறந்துகிடந்தன. காற்று குறுக்கும் மறுக்குமாக நடைவழியால் ஓடியது. வெளியே அந்த வருடத்தின் முதல் உறைபனி. புகை முழுக்கப் போனபோது ஜசிந்தாவின் மரத்தில் எஞ்சியிருந்த இலைகளும் தொங்கிப்போயிருந்தன.

இனி மரம் பிழைக்க வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அந்த இடத்தில் அவளுடைய மரம், வாழ்க்கையில் முதல்தடவையாக நவம்பரில் பச்சையாக நின்றது. கலாதேவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தூக்கி நடைவழியில் வைத்துவிட்டு, யன்னலடியில் ஜசிந்தாவின் மரத்தை வைத்தாள். அன்பில் செய்தாள் என்று முதியோர் இல்லச் சுவரில் எழுதலாம். ஜசிந்தாவுக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடக்கூடாது என்றுதான் செய்தாள். ஆனால் அதன் வேருக்குக் குளிராமல் சாடியில் பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றியதற்கு அந்தக் காரணம் போதாது.

ஜசிந்தா கலியாணக் கேக்குடன் வந்தபோது டிசம்பர் ஆகிவிட்டது. அவளுடைய மரத்தில் புதுத் தளிர் வந்திருந்தது. அடியில் ஒரு கன்றும் முளைத்திருந்தது. நடைவழியில் கலாதேவியின் மரம் குச்சியாக நின்றது.

“ஐயோ, உங்கடை மரம் இந்தமுறையும் பட்டுப்போட்டுதே. உங்களுக்குக் கைராசியில்லை அக்கா. என்ரை பாருங்கோ, எங்கை விட்டாலும் நிக்கும்.”

ஸ்ரீதரன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். யன்னலடியில் மரத்தை மாற்றி வைத்ததைச் சொன்னால் இலை கொட்டியதையும் சொல்ல வேண்டும். கலாதேவி ஜசிந்தாவின் சாடியைக் காட்டினாள்.

“அடியிலை ஒரு கன்று நிக்குது. அதை எனக்குத் தாருமன்.”

“இப்ப கிண்டினா தாய்மரம் வாடிப்போடும் அக்கா. கோடை வரட்டும், பாப்பம்.”

கலாதேவி குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்துவந்தாள். ஜசிந்தா பார்த்துக்கொண்டிருக்கவே சாடிக்கு முன்னால் குந்தி, மண்ணைக் கிளறி, கன்றை வேரோடு அறுத்து எடுத்து ஒரு தேநீர்க் கோப்பைக்குள் நட்டாள். பிறகு பெரிய சாடியைத் தூக்கிக்கொண்டு கீழே போய், ஜசிந்தாவின் காரில் ஏற்றிவிட்டாள்.