மேட்டில் இருந்த போர்

என் மாமாவைப் போர்க்களத்தில் எல்லோரும் தளபதி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. முதலில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்தார், கடை ஓடவில்லை. பிறகு இன்ஷூரன்ஸ் பிடித்தார், சொந்தக்காரர்கள் ஓடினார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய போர்க்களத்தில், பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து கதை சொல்லும் வேலை கிடைத்தது. தொண்டைதான் முதல். அதனால் சட்டைப்பையில் எப்போதும் இருமல் மிட்டாய் வைத்திருப்பார்.

நடை டிக்கெட் கவுண்டரில் தொடங்கி மேட்டில் முடியும். மேட்டில் மாமா செத்துவிடுவார்.

"இந்த மேட்டில்தான் மாபெரும் போர் இருந்தது! தீப்பற்றி எரிந்தது! நாள்கணக்கில் புகைந்தது!"

இதைச் சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த குடையை வாள் மாதிரி நழுவவிட்டு, மல்லாந்து விழுவார். கைதட்டல் கேட்கும்வரை கண்ணைத் திறக்க மாட்டார்.

"சாகப்போற மனுஷனுக்கு வெள்ளை பேன்ட் எதுக்கு? துவைச்சுத் துவைச்சு நான்ல சாகுறேன்" என்பார் அத்தை.

போன வருடம் அந்த நிலத்தைப் போர்க் காலத்தில் இருந்தபடியே திரும்பக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. பிற்பாடு நட்ட மரங்களை வெட்டினார்கள். வாய்க்காலைத் தூர்த்து, வறண்டுபோன சதுப்பில் மறுபடி தண்ணீர் தேங்க விட்டார்கள். வேலைக்குப் பொறுப்பான மேடம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாளெல்லாம் நடப்பார். ஒருநாள் மேட்டில் புல்லே முளைக்காத ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரே பரபரப்பு. சிவப்புக் கொடி நட்டார். சுற்றிக் கயிறு கட்டினார். அடியில் ஏதோ கட்டடம் புதைந்திருக்கலாம் என்றார்.

மாமா கயிற்றுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார். "மேடம், அது நான் விழுற இடம்."

"விழுந்துட்டீங்களா? எப்போ?"

"தினமும் விழுவேங்க. ஞாயித்துக்கிழமைன்னா இன்னும் கொஞ்சம் கூட."

கொடியைப் பிடுங்கினார்கள். ஆனால் தோண்டுவதை நிறுத்தவில்லை. வினை அங்கேதான் வந்தது. மேட்டில் ஒரு குண்டுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் கருகிய வைக்கோல் சாம்பல், ஒரு மாட்டு மணி, வைக்கோல் அள்ளும் கருவியின் உடைந்த இரும்புப் பல். குண்டுகளும் சட்டைப் பொத்தான்களும் கூடை கூடையாகக் கிடைத்தது சதுப்பில், கழிப்பறைக்குப் பின்னால்.

மேடம் மாமாவைத் தன் வேலைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். அறிவிப்புப் பலகைகளை இரண்டு மொழியில் எழுதும் வேலை எனக்கு. அதனால் நானும் இருந்தேன்.

"மேட்டுலதான் போர்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"பால்காரர்தான் மேடம். பரம்பரையா இங்கேயே மாடு மேய்ச்ச குடும்பம். சும்மா சொல்ற ஆள் இல்லை."

பால்காரர் கேனோடு வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். உள்ளே அழைத்துக் கேட்டார்கள்.

"ஆமா, நான்தான் சொன்னேன். மேட்டுலதான் போர் இருந்துச்சு. வருஷா வருஷம் இருக்கும். ஒரு தடவை எங்கப்பா சுருட்டை அணைக்காம போட்டுட்டார், பத்திக்கிச்சு. நாள்கணக்கா புகைஞ்சுது. அந்த வருஷம் மாடெல்லாம் பட்டினி."

மாமாவின் வாயில் மிட்டாய் பல்லில் இடிக்கும் சத்தம் கேட்டது.

"வைக்கோல் போரா?"

"பின்னே வேற என்ன போர்? போர் எங்கே இருந்துச்சுன்னு கேட்டீங்க, கையைக் காட்டினேன். மனுஷன் மாடு வாங்கப்போறார் போலன்னு நெனச்சேன்."

மேடம் குனிந்து பூட்ஸில் இருந்த சேற்றைச் சுரண்டினார். நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"புதுப் பாதை சதுப்பு வழியாப் போகுது. திறக்கிற அன்னைக்கு நானும் உங்ககூட நடப்பேன். ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் வேற ஆளைத்தான் போடணும். தப்பா நினைக்காதீங்க."

வீட்டில் அத்தை விஷயத்தைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இத்தனை வருஷமா வைக்கோலுக்காகவா செத்தீங்க?"

"சிரிக்காதே. மேடு இல்லேன்னா நான் யாரு? வெறும் டிக்கெட் கிழிக்கிறவன்."

"அப்போ சதுப்புல விழுங்களேன்."

"வெள்ளை பேன்ட்டோடயா?"

"ஐயோ, வேண்டாம் சாமி!"

உண்மையில் நடந்ததை மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார். பனிமூட்டத்தில் இரண்டு படையும் சதுப்புக்குள் இறங்கிவிட்டன. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று தெரியவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாமா இதைச் சமையலறையில் என்னை உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தார். சேறு என்ற வார்த்தைக்கு வந்ததும் குரல் மேலே ஏற மறுத்தது.

"இதெல்லாம் ஒரு போரா? பாதிப் பேர் பூட்ஸைத் தேடிக்கிட்டு இருந்திருக்கான்" என்று அலுத்துக்கொண்டார்.

திறப்பு நாளில் நல்ல கூட்டம். முழங்கால் உயரப் புல் காற்றில் சாய்ந்து எழுந்தது. சதுப்பின் மேல் புதுப் பலகைப் பாதை காலடிக்குக் காலடி முனகியது. மாமா முன்னால், மேடம் கடைசியில். இலவசம் என்பதால் பால்காரரும் வந்திருந்தார். சதுப்பு நடுவில் நின்று மாமா பனி, சேறு, குழப்பம், சேற்றில் தொலைந்த பூட்ஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு, "சரியான போர்" என்று முணுமுணுத்தார். மாமாவின் காது சிவந்தது.

பாதை திரும்பி மேட்டடிக்கு வந்தது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமா தாண்டவில்லை, ஏறினார். மேடத்தின் முகம் இறுகியது.

மாமா குடையை உயர்த்தினார். "இந்த மேட்டில்தான் மாபெரும் போர் இருந்தது!"

போன் பைக்குள் போனது.

"தீப்பற்றி எரிந்தது! நாள்கணக்கில் புகைந்தது!"

நெஞ்சைப் பிடித்தார், குடையை நழுவவிட்டார், விழுந்தார். கை தட்டினார்கள். வழக்கத்துக்கு மாறாக உடனே ஒரு கண்ணைத் திறந்தார்.

"வைக்கோல் போர்" என்றார்.

கூட்டம் புரியாமல் பார்த்தது. "எங்களோடதுதான்!" என்று பால்காரர் கையைத் தூக்கினார். அப்புறம் வந்த சிரிப்பு அடங்கவே இல்லை. மாமா மல்லாந்தபடியே சுருட்டையும் மாட்டு மணியையும் சிவப்புக் கொடியையும் சொல்லி முடித்தார். கொட்டாவி விட்டவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார். சேற்றில் பூட்ஸைத் தேடினார்களே, அந்த இடத்தை இன்னொரு தடவை காட்டுங்கள் என்றும் கேட்டார்.

மேடம் மேலே ஏறி வந்து கையைக் கொடுத்தார். "பொய் ஒண்ணும் இல்லைதான். நாளைக்கும் வாங்க. ஆனா இங்கே விழாதீங்க, விதை தூவியிருக்கோம்."

"சரிங்க மேடம்" என்றார் மாமா, பேன்ட்டைத் தட்டிக்கொண்டே.

மேடு முழுவதும் இப்போது பச்சை. அந்த வட்டத்தில் மட்டும் இன்னும் புல் பிடிக்கவில்லை.