வெங்கச்சங்கல்லில் மினுங்கியது

பொட்டிப்புரத்தில் ஈஸ்வரபாண்டியைப் பேராசைக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. வெங்காய விலை ஏறினாலும் இறங்கினாலும் முகம் மாறாத மனிதர். அப்பா விட்டுப்போன கிணறு அவருக்கும் தங்கை மகாலட்சுமிக்கும் பொது. அதை வைத்து இருவருக்கும் ஒரு மனத்தாங்கல்கூட வந்தது கிடையாது.

இந்தக் கோடையில் தண்ணீர் அடிக்குப் போய்விட, கிணற்றை ஆழப்படுத்த ஆள் விட்டார்கள். ஒருநாள் வெடி போட்டுப் புகை அடங்கியதும் ஈஸ்வரபாண்டி இறங்கிப் பார்த்தார். கரும்பாறைக்கு நடுவே வெங்கச்சங்கல் என்கிற படிகக்கல் வெள்ளைப் பட்டையாக ஓடியது. அதில் அங்கங்கே மஞ்சளாக மினுங்கியது. ஒரு துண்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு மேலே வந்தவர், பாறை சரியில்லை என்று சொல்லி ஆட்களை அனுப்பிவிட்டார்.

சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனார்.

“இனிமே வெட்டுறது வீண், ஆத்தா. கிணத்த மூடிட்டு ஆளுக்கொரு போர் போட்டுக்கிருவோம். கிணத்தடியில இருக்க ஒன் பங்க எம்பேருக்கு எழுதிக் குடுத்துரு. அதுக்குப் பதிலா மேக்க எடம் தர்றேன்.”

“நீ சொன்னாச் சரித்தாண்ணே” என்றாள் மகாலட்சுமி. ஏன் என்றுகூடக் கேட்காமல் காப்பி போடப் போனாள். அந்தக் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டு அவர் எழுந்துகொண்டார்.

உத்தமபாளையத்தில் ரஃபியா என்றொரு பெண். மண்ணியல் படித்துவிட்டுப் போர் போட இடம் பார்த்துச் சொல்பவள். மறுநாள் கல்லை அவளிடம் காட்டினார். அவள் அதைப் பீங்கான் ஓடு ஒன்றின் பின்பக்கத்தில் தேய்த்தாள். கறுப்பாகக் கோடு விழுந்தது. மினுங்கிய இடத்தைச் சுத்தியலால் தட்டினாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“தங்கமா இருந்தா மஞ்சளாக் கோடு விழும்ணே. தட்டுனா நசுங்கும், உதிராது. இது இரும்பும் கந்தகமும் சேந்தது.”

“வெங்கச்சங்கல்லுலதான் தங்கம் இருக்கும்பாகளே?”

“இருக்கும். பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல இருக்க சுடுதண்ணி, பாறையில உள்ள தங்கத்தக் கரைச்சுக்கிட்டு வெடிப்பு வழியா மேல ஏறும். ஆறும்போது வெங்கச்சங்கல்லும் தங்கமும் வெடிப்புலயே படிஞ்சிரும். ஆனா எல்லா வெடிப்புக்கும் தங்கம் வந்து சேராது. இந்த மாதிரி மினுக்குறதுதான் நெறைய. இது எங்கன கெடச்சுச்சு? அந்த எடத்த நான் பாக்கணுமே.”

வேறு வழியில்லாமல் கிணறு இருக்கும் இடத்தைச் சொன்னார்.

ரஃபியா வந்தபோது மகாலட்சுமி கிணற்றடியில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்த ரஃபியா சிரித்தபடி அவளிடம் சொன்னாள்: “அண்ணன் தங்கம்னு நெனச்சு இந்தக் கல்லக் கொண்டாந்தாக. தங்கம் இல்லாட்டி என்னக்கா, வெடிப்பு நல்லா ஓடுது. இன்னும் கொஞ்சம் வெட்டுங்க, ஊத்து இருக்கும்.”

மகாலட்சுமி அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

ரஃபியா போன பிறகு, “அதுக்குத்தானாண்ணே?” என்றாள் மெல்ல. புல்லுக்கட்டைத் தூக்கிவிட அவர் குனிந்தார். அதற்குள் அவளே கிணற்றுச் சுவரில் கட்டைச் சாய்த்து, தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

மறுபடி ஆள் விட்டு வெட்டினார்கள். ஊற்றும் வந்தது. நடந்ததை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் வழக்கம்போல “வாங்க மச்சான்” என்று சிரிக்கும்போதெல்லாம் ஈஸ்வரபாண்டிக்கு உடம்பு கூசுகிறது.

முன்னெல்லாம் மகாலட்சுமி தன் இஷ்டத்துக்கு வந்து மோட்டாரைப் போடுவாள். இப்போது போன் வருகிறது. “அண்ணே, இன்னைக்கு நான் மோட்டார் போட்டுக்கிறவா?”

“என்னத்துக்கு ஆத்தா எங்கிட்டக் கேக்குற? போடு” என்கிறார்.

சரிண்ணே என்கிறாள். அடுத்த முறையும் கேட்டுவிட்டுத்தான் போடுகிறாள்.