பிள்ளைகள்: இல்லை

போவன் ஊரில் விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால் எங்கள் பிலிப்பினோப் பெண்கள் என்னிடம்தான் வருவார்கள். என் எழுத்து நன்றாக இருக்கும். குயின்ஸ்லாந்துக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிவிட்டதால் எல்லாம் தெரிந்தவள் என்கிற திமிரும் எனக்கு உண்டு. அந்தத் திமிர் மரிவிக்கை என்ன செய்தது என்பதைச் சொல்கிறேன்.

மரிவிக் தக்காளிக் கொட்டகையில் என் பக்கத்தில் நின்று பழம் தரம் பிரிப்பவள். ஓடும் பெல்ட்டில் வெடித்த பழத்தை நாங்களெல்லாம் கண்ணால் தேடுவோம். அவள் கை தானே போய் எடுத்துவிடும். எங்கள் நாட்டுப் பொஹோல் தீவுக்காரி. செபு நகரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தபோது டாரில் ஹாப்ஸைச் சந்தித்து, சுற்றுலா விசாவில் இங்கே வந்து, அவனையே கட்டிக்கொண்டாள். டாரில் வயல்களுக்குப் போய்த் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்பவன். கிண்டல் அதிகம், மனசு நல்லது.

மனைவிக்கான விசாப் படிவத்தோடு ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டுக்கு வந்தாள். பாதி நிரப்பியதும் பேனாவை வைத்துவிட்டாள்.

“அக்கா, பிள்ளைங்க உண்டான்னு கேட்டிருக்கு. என்ன எழுத?”

“இதென்னடி கேள்வி? இருந்தா இருக்குன்னு எழுது, இல்லாட்டி இல்லைன்னு எழுது.”

ஜன்னல் வழியே டாரிலைப் பார்த்தாள். அவன் என் கணவரோடு பியர் குடித்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பதினெட்டு வயதில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். குழந்தையின் அப்பன் கப்பல் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவளுடைய சொந்த அக்கா பெலெனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. தங்கைக்கு வீட்டிலேயே பிரசவம். மருத்துவச்சி நோட்டைத் திறந்து, “அம்மா பேரு யாரோடது எழுத?” என்று கேட்டாள். “பெலென்னு எழுது” என்றார் அப்பா. மருத்துவச்சி அப்படியே எழுதினாள்.

எங்கள் தீவுகளில் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. சின்னவள் மானம் தப்பியது, பெரியவள் மடி நிறைந்தது, பிள்ளைக்கு ஒரு அப்பன் பெயர் கிடைத்தது. நான் பிறந்த தெருவிலேயே அப்படி மூன்று பேர் உண்டு. மரிவிக்கின் பெண் ஜோனலின், பெலெனை அம்மா என்றும், பெற்றவளைச் சித்தி என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள்.

“பேப்பர்ல யார் பேரு இருக்கு?”

“எங்க அக்கா பேருதான்.”

“அப்ப உனக்கு ஏதுடி பிள்ளை? இல்லைன்னு எழுது.”

அவள் எழுதவில்லை. நான்தான் பேனாவைப் பிடுங்கிப் பெரிய எழுத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அப்போது ஜோனலினுக்குப் பத்து வயது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன் பெலென் ஒரு தாளில் பெண்ணின் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவாள். மரிவிக் அந்தத் தாளோடு கடைக்குப் போய், ஷூவை அதன்மேல் வைத்துப் பார்த்து வாங்குவாள். பெரிய அட்டைப்பெட்டியில் சோப்பு, சாக்லேட்டுக்கு நடுவே அது போகும். வந்த தாள்களை ஒன்றுகூடத் தூக்கிப் போடவில்லை.

நான்காம் தாளோடு சரி. பெலென் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனாள். வருடம் திரும்புவதற்குள் அவள் புருஷன் ரொட்ரிகோ வேறொருத்தியைக் கொண்டுவந்தான். சீக்கிரமே ஒரு குழந்தையும் பிறந்தது. ஒரு நாள் ஜோனலின் போனில், “சித்தி, இந்த வருஷம் ஷூ வேணாம். நான் ஸ்கூலுக்குப் போறதில்ல. பாப்பாவைப் பாத்துக்க ஆளில்ல” என்றாள். அவளுக்குப் பதினைந்து வயது.

அன்று மாலை மரிவிக் டாரிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். துணைக்கு நானும் இருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினான்.

“ஏண்டி, உங்க ஊர்ல பிள்ளையக்கூடக் கைமாத்தாக் குடுப்பீங்களா?” என்றான். பிறகு, “அஞ்சு வருஷமா எங்கிட்ட மறைச்சிருக்க பாரு, அதான் வலிக்குது. சரி, கூட்டிட்டு வா. அந்த ரூம் சும்மாதான கெடக்கு” என்றான். அவள் அவன் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கூட்டி வருவது அவ்வளவு சுலபமா? டவுன்ஸ்வில்லில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம்.

“சித்தியா இருந்து இங்க வரவழைக்கணும்னா அந்தப் பொண்ணு அநாதையா இருக்கணும். பேப்பர்படி அப்பா உயிரோட இருக்கார். அம்மாவா வரவழைக்கலாம். ஆனா பழைய படிவத்துல பிள்ளை இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. உங்க விசாவுக்கே ஆபத்து வரலாம். குடியுரிமை மனு வேற நிலுவையில இருக்கு. பேசாம இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“எனக்கு ஆகாது. அவளுக்கு?” என்றாள் மரிவிக்.

“அதை எழுதினது நான்தான். என்னப் பிடிக்கச் சொல்லுங்க” என்றேன்.

“கையெழுத்து யாருது?” என்றார் வக்கீலம்மா.

மரிவிக் விசா அலுவலகத்துக்கு உண்மையை எழுதி அனுப்பினாள். நான்கு பாதத் தாள்களையும் சேர்த்து வைத்தாள். பாதம் சாட்சியாகாது, மரபணு பார்க்க எச்சில் சோதனை வேண்டும் என்று பதில் வந்தது. பெண் சிறுமி என்பதால் காப்பாளர் சம்மதமும் வேண்டும். காப்பாளர் யார்? ரொட்ரிகோ.

“எம் பொண்ணு எச்சில நான் ஏன் குடுக்கணும்?” என்று போனில் கத்தினான். “செருப்பு அனுப்பினா அம்மாவா? பேப்பர எடுத்துப் பாரு, அப்பன் நான் இருக்கேன். பெலென் சாகிற வரைக்கும் அவளப் பக்கத்துலயே படுக்க வச்சிருந்தா. அவளும் பொய்யா?”

சொல்லும்போது அவன் அழுதான். அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அழுதான். அழுதுவிட்டு, குழந்தைத் துணி துவைக்க அதே பெண்ணைக் கூப்பிட்டான்.

அவன் போட்ட சத்தத்தில்தான் ஜோனலினுக்கு விஷயம் தெரிந்தது. மூன்று மாதம் அவள் பேசவே இல்லை. பிறகு, “சித்தின்னே கூப்பிடறேன், பழகிடுச்சு” என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதுவே போதும் என்றாள் மரிவிக்.

அங்கே கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்காகும் என்றார்கள். அதனால் பதினெட்டு ஆகட்டும் என்று காத்திருந்தோம். பிறந்தநாள் முடிந்த வாரமே ஜோனலின் செபுவுக்குக் கப்பலேறி, யாரையும் கேட்காமல் சோதனைக்குக் கொடுத்தாள். தாயும் மகளும்தான், சந்தேகமில்லை என்று முடிவு வந்தது. மரிவிக் அதைக் கொட்டகைக்கே கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினாள். டாரில் அந்த அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தான்.

ஐந்து மாதம் கழித்து அலுவலகக் கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். மகள் என்பதை ஏற்கிறார்கள். ஆனால் பதினெட்டு தாண்டிய மகள் விடாமல் படித்துக்கொண்டிருந்தால்தான் தாயை நம்பி வாழ்பவள் என்று கணக்கு. இவள் படிப்பை விட்டு மூன்று வருடம் ஆகிறது. ஆகவே நிராகரிப்பு. என் ஆங்கிலம்தான் தப்பாக இருக்கும் என்று இரண்டாம் முறையும் படித்தேன். தப்பில்லை. பழைய பொய்க்காக மரிவிக்கின் குடியுரிமை மனுவும் திரும்பி வந்தது. விசாவை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன ஆகஸ்டில் ஒரு நாள், கொட்டகையில் சாப்பாட்டு இடைவேளை. சோறும் கருவாடும் பிரித்து வைத்திருந்தோம். மரிவிக்கின் போன் அடித்தது. என் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“சித்தி, முந்தாநாள் பொண்ணு பொறந்துச்சு.”

கர்ப்பமாக இருந்ததையே எங்களிடம் சொல்லவில்லை. பையன் மணிலாவுக்குப் போய்விட்டானாம்.

“மருத்துவச்சி நோட்டத் தொறந்து வச்சிட்டு ஒக்காந்திருக்கா. அப்பா கட்டிக்கிட்டு வந்தாரே, அந்தச் சின்னம்மா பேர்லயே எழுதிடலாம்னு அப்பா சொல்றாரு. எனக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஆகணுமாம். நீ சொல்லு, சித்தி. என்ன எழுத?”

மரிவிக் எழுந்த வேகத்தில் சோற்று டப்பா கீழே கவிழ்ந்தது.

“உம் பேருடீ! ஒன் பேர எழுதச் சொல்லு! கல்யாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மருத்துவச்சிகிட்ட போனக் குடு!”

மருத்துவச்சியிடம் அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னாள். ஒருமுறை போதவில்லை, மறுபடியும் படிக்கச் சொன்னாள். தாயின் பெயர் ஜோனலின் என்று மருத்துவச்சி இரண்டு முறையும் படித்தாள்.

மணி அடித்தது. அன்று மதியம் முழுக்க வெடித்த பழங்கள் அவள் கையைத் தாண்டி என் பக்கம் வந்தபடி இருந்தன. நானே எடுத்துப் போட்டேன்.