நெய் இல்லாத பந்தி

பேய், சாமி வாக்கு என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுகிற ஆள். அதனால் இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கல்யாண மண்டபங்களில் மிஞ்சுகிற சாப்பாட்டை வாங்கி, இல்லாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நாங்கள் சிலர் செய்து வருகிறோம். வண்டி ஓட்டுவது செல்லத்துரை, பரிமாறுவது நான். போன ஆனியில் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். மழைக்குப் பயந்து பாதிப் பேர் வரவில்லை, அம்பது பேர் சாப்பாடு அப்படியே இருந்தது. ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பிறகு, நாங்கள் போகவேண்டிய முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது, வேறு யாரோ பிறந்தநாள் சாப்பாடு கொண்டுவந்துவிட்டார்களாம். மணி மூன்றரை. அவியலில் தேங்காய் இருக்கிறது, சாயங்காலம் தாண்டினால் ஊசிப்போகும், பிறகு குழி தோண்டிக் கொட்ட வேண்டியதுதான்.

செல்லத்துரைதான் அருமனைக்கு மேலே ரப்பர் தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்ப்போம் என்றான். மழை பெய்தால் அங்கே பால்வெட்டு கிடையாது, வெட்டு இல்லாவிட்டால் கூலி கிடையாது, அப்போது இரண்டு வாரமாக மழை. அந்தப் பக்கம் நாங்கள் போனதே இல்லை. ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது, எது என்று தெரியாமல் சும்மா இடது பக்கம் திருப்பினான். யாரிடமும் கேட்கவில்லை, போனில் டவரும் இல்லை.

மேலே பத்துப் பன்னிரண்டு வீடு, நடுவில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற நீளக் கொட்டகை. அதற்குள் இலை விரித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ விசேஷ வீட்டுக்குத் தவறி வந்துவிட்டோம் என்று நான் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள்.

“எறங்குங்கக்கா. பிள்ளையளு ரெண்டு நாளா பாலில்லாத வெறும் கட்டன்சாயாலதான் கெடக்கு.”

சோறு போட்டு, பருப்பு விட்ட பிறகுதான் எனக்குத் திக்கென்றது. நம் ஊர்ப் பந்தியில் முதலில் பருப்பும் நெய்யும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெய் மண்டபத்து உள்ளறையில், பெண் வீட்டார் கூட்டத்துக்கு நடுவே இருந்தது. போய்க் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு வந்திருந்தேன்.

“பொண்ணையா கேக்கப்போறோம், ஒரு தூக்கு நெய்தானக்கான்னு அப்பமே சொன்னேன்லா” என்று செல்லத்துரை காதோரம் குத்திக்காட்டினான்.

நெய் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எப்படியோ அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

“அது தெரியும்லா” என்றாள் அவள். “நெய் இருக்காது, கொறை சொல்லப்பிடாதுன்னு அவரு சொல்லீட்டுதான் போனாரு.”

“எவரு?”

“கல்யாணச் சோறு வரும், இலை வெட்டி வையுங்கன்னு சொல்ல வந்தவரு. நீங்க அனுப்பின ஆளில்லியா? நனஞ்சு வந்தாரு பாவம், ஒரு வாய் வெள்ளம்கூட குடிக்கல.”

எப்போது வந்தார் என்று கேட்டேன். நேற்று, விளக்கு வைக்கிற நேரம் என்றாள். நேற்று அந்த நேரம் மண்டபத்தில் காய்கூட நறுக்க ஆரம்பித்திருக்கமாட்டார்கள். நான் நெய்யை விட்டுவிட்டு வந்தது இன்றைக்கு மத்தியானம். குனிந்து இலையைப் பார்த்தேன், வெட்டின காம்பு கறுத்துக் காய்ந்திருந்தது.

பயம் வரவில்லை. கோயிலில் நடை திறக்கும்போது ஒரு நிமிஷம் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்களே, அப்படி இருந்தது எனக்கு. கை மட்டும் பரிமாறிக்கொண்டே போனது. கடைசி ஆள் வரை எல்லாம் வந்தது, பாயாசம்கூட. வரிசை முடிவில் இரண்டு இலை ஆளில்லாமல் கிடந்தது. அது எங்களுக்காம். மண்டபத்தில் சாப்பிட்டிருக்கமாட்டார்கள் என்றும் அவர் சொல்லியிருந்தாராம். வாஸ்தவம்தான், அழைக்காத வீட்டில் கை நனைக்க எனக்கு வராது, என்னால் செல்லத்துரையும் பட்டினி.

“நீங்க இந்த இலையில இருங்கக்கா” என்று அவளே காட்டினாள். உட்கார்ந்தேன். எல்லா இலையிலும் மூலையில் ஒரு நுள்ளு உப்பு இருந்தது, பக்கத்தில் செல்லத்துரை இலையிலும். என் இலையில் மட்டும் இல்லை. மறந்துவிட்டார்களோ என்று கேட்டேன். இந்த இலைக்கு உப்பு வைக்கவேண்டாம் என்று சொன்னாராம்.

ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் எனக்கு உப்பை நிறுத்தச் சொல்லி அன்றைக்கு நாலாவது நாள். அதை நான் வீட்டில்கூட யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.